இருவருக்கு ஒரு நாள், ஒரு செங்குத்துப் பாதை: சதுரகிரியா, குரங்கணியா, வெள்ளகவியா?

மதுரையிலிருந்து விடியுமுன் கிளம்பி, மூச்சு வாங்க வைக்கும் ஒரு மலைப்பாதையில் ஏறி இறங்கி, அன்றிரவே வீட்டுக் கதவைத் திறக்க நினைக்கும் கணவன் மனைவிக்கு உண்மையில் மூன்று வழிகள்தான் உள்ளன. வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறலாம். போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணியிலிருந்து புறப்படலாம். பெரியகுளத்தை ஒட்டிய கும்பக்கரையில் தொடங்கி, வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலின் வட்டக்கானலைத் தொடும் பாதை மூன்றாவது. யானைமலையும் அழகர்மலையும் சிறுமலையும் இந்தப் போட்டியில் சேரமாட்டா. அவற்றுக்கு வேறு பயன் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இத்தகைய பாதைகளை ஒப்பிடும்போது உயரம் எவ்வளவு, காட்சி எப்படி, எத்தனை கிலோமீட்டர் என்பவற்றையே பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து போகும் குழுவுக்கு அந்தக் கேள்விகள் போதும். இருவர் மட்டும் போகும் பயணத்துக்கு அவை போதா. பத்துப் பேரில் ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் இருவர் அவரோடு தங்க, இருவர் கீழே ஓடி ஆள் அழைத்து வரமுடியும். இருவரில் ஒருவருக்கு அது நேர்ந்தால், மற்றவர் கூடவே இருப்பதா, தனியே விட்டுவிட்டு உதவி தேடிப் போவதா என்ற இக்கட்டில் நின்றுவிடுவார். ஆகவே, இருவரில் ஒருவரால் இதற்கு மேல் முடியாது என்ற நிலை வரும்போது அந்தப் பாதை என்ன கொடுக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். திரும்புவதற்கு ஒரு நல்ல இடம் உண்டா, கைகொடுக்க மூன்றாவது ஆள் வருவாரா, பாதியில் திரும்பினாலும் இருட்டுமுன் பேருந்தைப் பிடிக்க முடியுமா என்பவை எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

நான் மனத்தில் வைத்திருப்பது ஒரு குறிப்பிட்ட தம்பதியை. நாற்பதை நெருங்கும் வயது. மனைவி தினமும் காலையில் விடாமல் நடப்பவர். கணவருக்கு நாள் முழுவதும் கணினியின் முன் உட்காரும் வேலை. மதுரையில் இப்படிப்பட்ட வீடுகள் தெருவுக்கு நான்கு இருக்கும். இருபது வயதில் மலையைச் சாதாரணமாக ஏறிய நினைவு ஆண்களுக்கு எளிதில் போவதில்லை என்பதால், இவ்விருவரில் தன் வேகத்தைத் தவறாகக் கணிக்கப் போகிறவர் பெரும்பாலும் கணவராகத்தான் இருப்பார்.

முதலில் வெள்ளகவிப் பாதையை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் மூன்றிலும் அழகானதும் கடுமையானதும் அதுதான். கொடைக்கானலுக்கு வண்டிச் சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே, பெரியகுளம் பக்கத்து மலைச்சரிவுகளில் ஏறித்தான் மக்கள் மேலே போனார்கள். 1845-இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டிய அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் இந்த நகரத்தின் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி மேலே குடியேறியவர்களே. வெள்ளகவி இன்றும் வண்டி போகாத ஊர். ஊருக்குள் செருப்பணிந்து நடக்கக் கூடாது என்பது அங்கே தெய்வத்துக்குக் கட்டுப்பட்ட வழக்கம். வெளியூர்க்காரர்களும் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு மணி நேரம் காலணிக்குள் வெந்த பாதங்கள் வெறும் மண்ணில் படும்போது அந்தக் கட்டுப்பாடு ஒரு சலுகையாகவே தோன்றும்.

ஆனால் கணக்கு வேறு கதை சொல்கிறது. கும்பக்கரையிலிருந்து வட்டக்கானல்வரை ஏற வேண்டிய உயரம் 1,500 மீட்டருக்கு மேல். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் வகுத்த கணக்கை மலையேறுவோர் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதனுடன் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி, நடக்கும் தூரத்துக்கான நேரம் போக, உயரத்துக்கு மட்டுமே இரண்டரை மணி நேரம் சேர்க்க வேண்டும். அதுவும் குளிர்நாட்டில், பழகிய கால்களுக்கு, ஓய்வே இல்லாமல் போட்ட கணக்கு. பெரியகுளத்து வெயிலில், தண்ணீர்ச் சுமையோடு, பழகாத கணவரோடு போகும்போது மொத்தத்தில் பாதியையாவது கூட்டிக்கொள்வதே நியாயம். மேலே போய்ச் சேரும்போது மாலையாகிவிடும். அன்றே மதுரைக்குத் திரும்புவதென்றால் வட்டக்கானலிலிருந்து கொடைக்கானல் பேருந்து நிலையத்துக்கு ஓட வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், இது ஒரு முனையில் தொடங்கி மறுமுனையில் முடியும் பாதை என்பது. வெள்ளகவியைத் தாண்டியபின் கால் மறுத்தால், மேலேயும் பல மணி நேரம், கீழேயும் பல மணி நேரம். நடுவில் மாற்று வழி கிடையாது. ஊர்க்காரர்கள் சுமையோடு போகும்போது எதிர்ப்படுவார்கள் என்றாலும், அதை நம்பிப் போக முடியாது. வனத்துறையின் அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வனத்துறையே நடத்தும் மலையேற்றப் பட்டியலில் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பாதை இடம்பெற்றிருக்கிறது. அதுதான் பாதுகாப்பான வடிவம். ஆனால் அதில் ஏற்ற இறக்கம் தலைகீழாகிவிடுகிறது என்பதைத் தம்பதிகள் கவனிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த காற்றில் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கிவிடலாம். திரும்பி ஏறுவதானால் தொடை தளர்ந்த பிறகு, வெயில் ஏறிய பிறகு ஏற வேண்டும். சாதாரண மலையில், முடியவில்லையென்று தெரிந்ததும் இறங்கத் தொடங்கலாம். இங்கே, முடியவில்லையென்று தெரிவதற்குள் இறங்கி முடித்திருப்போம். மேலும் வட்டக்கானலில் காலையில் நிற்க வேண்டுமானால் முந்தைய இரவே கொடைக்கானலில் தங்க வேண்டும். சொந்த வண்டியில் போவோருக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயம். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை. எப்படிப் பார்த்தாலும் ஒரு நாள் பயணம் என்ற நிபந்தனைக்குள் இது அடங்குவதில்லை. இரண்டு நாள் கிடைக்கும்போது இதைவிட நல்ல பாதை இந்த வட்டாரத்தில் இல்லை என்பது என் எண்ணம்.

குரங்கணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் 2018 மார்ச் 11-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இறந்தோர் எண்ணிக்கை 23-ஐ எட்டியது. காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ மேல்நோக்கித் தாவும் வேகத்துக்கு மனிதரால் ஓட முடியாது. மேலேயுள்ள புல்லைத் தீயின் வெப்பமே முன்கூட்டி உலர்த்திவிடுவதால், சரிவு செங்குத்தாக ஆக ஆகத் தீயின் வேகமும் கூடும். அந்த விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில், மாநிலம் முழுவதும் 40 பாதைகள் இணையவழிப் பதிவோடு திறக்கப்பட்டன. குரங்கணி–சாம்பலாறு பாதை அவற்றில் ஒன்று. தீக்காலத்தில், அதாவது ஏறத்தாழ பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, இப்பாதைகள் மூடப்படுகின்றன. மூடியிருக்கும் காலத்தில் தெரிந்த ஆள் வழியாகக் குறுக்கே ஏறிவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஆளோடு மலைக்குப் போகாமல் இருப்பது நல்லது.

நம் கேள்விக்கு நேரான விடை தரும் பாதை குரங்கணிதான். அந்த மூன்றாவது ஆள் இங்கே உறுதியாக உண்டு. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூடவே வருகிறார்கள். எந்த ஓடையில் எப்போது தண்ணீர் ஏறும், எந்த வளைவில் காட்டுமாடு நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வரலாற்றில் ஆர்வமுள்ளோருக்கு இன்னொரு கவர்ச்சியும் உண்டு. மூணாறுப் பக்கத்துத் தேயிலையை முன்பு சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன்வரை கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறக்கி, போடி வழியாக அனுப்பினார்கள். 1924 வெள்ளத்தில் அந்த ரயில்பாதை அழிந்துபோனது. குரங்கணியில் நின்று மேலே பார்க்கும்போது, அந்த உயரத்திலிருந்து தேயிலைப் பெட்டிகள் வடத்தில் தொங்கியபடி இறங்கியதை எண்ணிப் பார்ப்பதே ஒரு வேலையாகிவிடும்.

குறை என்னவென்றால், குழுவில் சேர்ந்து போவதால் வேகம் நம் கையில் இல்லை. கணவனும் மனைவியும் தனியாக ஒரு நாளைக் கழிக்க நினைத்தது, முன்பின் தெரியாத பலரோடு வரிசையில் நடப்பதாக மாறிவிடும். பின்தங்குகிறவருக்கு எல்லோரும் காத்திருக்கும் கூச்சமும் சேர்ந்துகொள்ளும்; அந்தக் கூச்சத்தில்தான் பலர் தண்ணீர் குடிக்கக்கூட நிற்காமல் நடந்து மயங்கி விழுகிறார்கள். கட்டணமும் கோயில் மலைக்குப் போவதைப்போல் சில்லறைச் செலவு அல்ல. மதுரையிலிருந்து போடிக்கு 2023-இல் மீண்டும் ரயில் வந்துவிட்டாலும், காலைக் குழுவோடு சேர வேண்டுமானால் அரப்பாளையத்திலிருந்து இருட்டிலேயே பேருந்து ஏற வேண்டும், அல்லது வாடகைக் கார் பேச வேண்டும்.

இனி சதுரகிரி. மலைமேலுள்ள சிவன் கோயில் இருப்பது மதுரை மாவட்டத்துச் சாப்டூர் வனப்பகுதியில். பெரும்பாலோர் ஏறுவது விருதுநகர் மாவட்டத்துத் தாணிப்பாறையிலிருந்து. கிருஷ்ணன்கோயிலில் இறங்கி வத்திராயிருப்பு போய், அங்கிருந்து தாணிப்பாறை சேரலாம். சாம்பல்நிற அணில் சரணாலயமாக 1988-இல் அறிவிக்கப்பட்ட காடு இது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியானது. யானை நடமாட்டம் உண்டு. எந்தெந்த நாளில், எத்தனை மணிவரை ஏறவிடுவார்கள் என்பது நீதிமன்ற உத்தரவுகளையும் மழையையும் பொறுத்து மாறிவந்திருக்கிறது. முந்தைய நாள் செய்தித்தாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது இங்கே பழகிப்போன நடைமுறை.

மலையேற்றக்காரர்களில் சிலர் இதைக் கோயில் பாதை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது சரியான மதிப்பீடாக எனக்குத் தோன்றவில்லை. படிக்கட்டு கட்டிய மலையல்ல இது. ஓடைக்கற்களின் மேலும் வேர்களின் மேலும் பாறை இடுக்குகளிலும் கால் வைத்து மணிக்கணக்கில் ஏற வேண்டியிருக்கிறது. ஆனால் வழிநெடுக நின்று இளைப்பாற இடங்கள் இருக்கின்றன. வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று, பச்சரிசிப்பாறை, பிலாவடிக் கருப்பசாமி என்று பெயரிட்ட இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இப்பெயர்கள் பக்திக்கு மட்டும் உதவுவன அல்ல. “எங்கே இருக்கீங்க?” என்று எதிரே வருகிறவரிடம் கேட்டால் அவர் சொல்லும் விடை நமக்கு விளங்கும்; “நாவல் ஊற்றுவரை போவோம், முடியாவிட்டால் திரும்பிவிடுவோம்” என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளவும் முடியும். மற்ற இரு பாதைகளிலும் இப்படிப் படிப்படியாகத் திரும்பும் வசதி இல்லை. தலையில் அரிசி மூட்டையோடு ஏறுகிற சுமைக்காரர்களும், பேரனைத் தோளில் வைத்து வருகிற தாத்தாக்களும், வாயில் மந்திரத்தோடு இறங்குகிற பெண்களும் அனுமதியுள்ள நாட்களில் இருந்துகொண்டே இருப்பார்கள். மூன்றாவது ஆளுக்குப் பஞ்சமில்லை.

ஆடி அமாவாசையில் அந்த ஆளே பெருந்தொல்லையாகிவிடுவார். குறுகிய பாறை வழியில் ஏறுவோரும் இறங்குவோரும் நெரியும் நாளில் நம் வேகம் நம்மிடம் இருக்காது. அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் அல்லாத, அனுமதி உள்ள ஒரு சாதாரண நாளே தம்பதிக்கு ஏற்றது.

பாதையின் உண்மையான ஆபத்து தண்ணீர். 2015 மே மாதம் அமாவாசையையொட்டி ஏறியவர்கள் திடீரென வந்த காட்டாற்று வெள்ளத்தில் சிக்கி, பலர் உயிரிழந்தார்கள். மழை நம் தலைமேல் பெய்ய வேண்டியதில்லை. மேலே எங்கோ ஒரு முகட்டில் ஒரு மணி நேரம் கொட்டினால் போதும், செங்குத்தான பாறைச் சரிவுகள் தண்ணீரை உறிஞ்சாமல் அப்படியே ஓடைக்கு இறக்கிவிடும். தெளிந்த ஓடை திடீரெனக் கலங்கி, சருகும் குச்சியும் மிதந்துவரத் தொடங்கினால், கடக்காமல் மேடான கரையில் ஏறி நிற்பதே முறை. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இப்பாதையைத் தவிர்க்கலாம். மழைக்கும் தீக்காலத்துக்கும் நடுவே கிடைக்கும் ஜனவரியும் பிப்ரவரியின் முதல் பாதியும்தான் மூன்று மலைகளுக்குமே சிறந்த பருவம்.

நேரக் கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஜனவரியில் மதுரையில் சூரியன் மறைய மாலை ஆறு மணி தாண்டிவிடும். தாணிப்பாறையோ மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. சூரியன் மேற்கு முகட்டின் பின்னால் முன்னதாகவே இறங்கிவிடுவதால், மரங்கள் அடர்ந்த பள்ளத்தில் அதற்கு வெகு முன்பே மங்கல் கவிந்துவிடும். குரங்கணிக்கும் இதே விதிதான். மேலே இரவு தங்க இயலாது என்பதால், எங்கே இருந்தாலும் நண்பகல் பன்னிரண்டரைக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது. கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறதே என்ற வாதத்துக்கு அந்த நேரத்தில் இடம் கொடுக்கக் கூடாது. சதுரகிரியின் ஒரே மனச்சிக்கல் இதுதான்: வேண்டுதலோடு ஏறுகிறவருக்குப் பாதியில் திரும்புவது தெய்வக் குற்றமாகப் படும். வேண்டுதல் இருந்தால் இப்பாதை நான் மேலே சொன்ன நன்மையை இழந்துவிடுகிறது. அப்போது குரங்கணியே மேல்.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது தொடையும் முழங்காலும் வலிக்கும். இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்க வேண்டியிருப்பதால்தான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் வலி உச்சத்துக்குப் போகிறது. வழுக்குப்பாறை, பல தலைமுறைப் பாதங்கள் தேய்த்து மெருகேற்றிய பாறை. அங்கே தம்பதிகள் கைகோத்து இறங்குவதைப் பார்க்கிறோம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஒருவர் வழுக்கினால் இருவரும் போவார்கள். உடல் பலம் உள்ளவர் ஓரடி கீழே, சற்றுப் பக்கவாட்டில் நின்று, மற்றவர் கால் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டுவதுதான் பயன். அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் கம்பு இரண்டு பேருக்கும் வேண்டும். காலணிக்குள் பெருவிரல் முன்னால் இடிக்காமல் இருக்க, இறங்குமுன் உட்கார்ந்து கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் கீழே வந்து பார்க்கும்போது நகம் கறுத்திருக்கும்.

எந்தப் பாதையைத் தேர்ந்தாலும் ஒரு வாக்கியத்துக்கு இடம் தரக் கூடாது: “நீங்க முன்னாடி போங்க, நான் மெதுவா வர்றேன்.” அன்பாகவும் பெருந்தன்மையாகவும் சொல்லப்படும் இந்தச் சொற்கள்தான் மலையில் இருவரைத் தனித்தனி ஆளாக்குகின்றன. மெதுவாக நடப்பவரே முன்னால் போக வேண்டும். இது நடைமுறைக்கு வருகிறதா என்பதை அறியத்தான் அருகிலுள்ள சிறிய மலைகள் உதவும். அழகர்கோயிலிலிருந்து நூபுர கங்கைவரை நடந்து திரும்பினால், இருவரில் மெதுவாக ஏறுகிறவர் யார், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறுகிறார், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்பவை தெரிந்துவிடும். யானைமலைப் பாறை வெயிலில் அடுப்புக் கல்லாகக் கொதிப்பதால், அதிகாலை தவிர மற்ற நேரத்தில் அது உதவாது.

இந்தத் தம்பதிக்கு, வேண்டுதல் எதுவும் இல்லையென்றால், ஜனவரியில் ஒரு சாதாரண நாளில் சதுரகிரியைத்தான் சொல்வேன். இலக்கு கோயில், திரும்பும் இடம் இரட்டை லிங்கம் அல்லது நாவல் ஊற்று, திரும்பும் நேரம் பன்னிரண்டரை. கணவருக்கு முழங்கால் தொந்தரவு முன்பே இருந்தாலோ, மனைவிக்குக் காட்டில் கூட ஒரு ஆள் இருந்தால்தான் நிம்மதி என்றாலோ, செலவைப் பார்க்காமல் குரங்கணி–சாம்பலாறுக்குப் பதிவு செய்துகொள்ளட்டும். வெள்ளகவியை, சேர்ந்தாற்போல் விடுமுறை வாய்க்கும்போது, கொடைக்கானலில் இரவு தங்கி, வழிகாட்டியோடு போகலாம்.

முந்தைய நாள் மாலையில் மழையால் சதுரகிரிக்கு அனுமதி இல்லையென்று செய்தி வந்தால், விடுப்பு எடுத்த நாளை வீட்டில் கழிக்க வேண்டியதில்லை. காலைப் பேருந்தில் திண்டுக்கல் போய், 18 கொண்டைஊசி வளைவுகளைத் தாண்டிச் சிறுமலையில் இறங்கினால், அகஸ்தியர்புரத்திலிருந்து வெள்ளிமலைச் சிவன் கோயிலுக்கு ஏறும் குறுகிய செங்குத்துப் பாதை இருக்கிறது. அங்கும் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டே ஏற வேண்டும். இறங்கியபின் நேரம் மிச்சமிருக்கும். மலைவாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு, சாயங்காலப் பேருந்துக்கு நிதானமாகவே வந்துசேரலாம்.